தொடாமல் அளப்பது: காந்த சென்சார் கொண்டு சுழற்சி, நகர்வு, விசை, முறுக்கு அளக்க முழுமையான வழிகாட்டி

சுழலும் ஷாஃப்ட்டின் மேல் ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகம் நீள்வதை மின்தடை மாற்றமாகக் காட்டும் மெல்லிய பட்டை) ஒட்டியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்: ஒயரை எப்படி வெளியே கொண்டுவருவது? ஸ்லிப் ரிங் (சுழலும்போதே உரசிக்கொண்டு மின்தொடர்பு தரும் வளையம்) போடலாம். அது தேயும், சிக்னலில் இரைச்சல் சேர்க்கும். ஷாஃப்ட்டிலேயே பேட்டரியும் ரேடியோவும் கட்டிவிடலாம்; பேட்டரி மாற்ற அடிக்கடி இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருக்கும். கோணம் அளக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கும் இதே பாடுதான். கார்பன் தடம் தேய்ந்ததும் ரீடிங் தாவ ஆரம்பித்துவிடும்.

காந்தத்தில் இந்தத் தொல்லை இல்லை. நகரும் பாகத்தில் ஒரு சின்ன காந்தம், நகராத பாகத்தில் ஒரு சிப், நடுவில் காற்று. எண்ணெய், தூசி, பிளாஸ்டிக் மூடி குறுக்கே வந்தாலும் பரவாயில்லை. மெல்லிய அலுமினியத் தகடு கூட இருக்கலாம். ஆனால் காந்தம் வேகமாகச் சுழன்றால் அந்தத் தகட்டில் சுழல் மின்னோட்டம் உருவாகி ரீடிங்கைத் தாமதப்படுத்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காந்த சென்சாருக்கு விசை தெரியாது, முறுக்கு (டார்க்) தெரியாது, வேகமும் தெரியாது. தான் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் எவ்வளவு, எந்தத் திசையில் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். விசையைப் புலமாக மாற்றும் வேலையைச் செய்வது காந்தம், அதன் பிடிப்பு, இடைவெளி, வளையும் பீம் ஆகியவை. எந்த சிப் நல்லது என்று தேடிக்கொண்டே பலர் பொழுதைக் கழிக்கிறார்கள். என் கணிப்பில் பிழையின் பெரும்பங்கு சிப்பில் இல்லை, அதைச் சுற்றியுள்ள உலோக வேலையில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி பாதிக்கு மேல் மெக்கானிக்கல் விஷயம்தான் பேசும்.

படி 1: எண்களை எழுதுங்கள்

எதை அளக்கப்போகிறீர்கள், எந்த எல்லை வரை, எவ்வளவு நுணுக்கமாக, எவ்வளவு வேகமாக, எந்த வெப்பநிலையில்? இந்த ஐந்துக்கும் எண் எழுதாமல் எதையும் வாங்காதீர்கள். "கோணம் வேண்டும்" என்றால் போதாது, "0 முதல் 90 டிகிரி, 0.5 டிகிரி துல்லியம், விநாடிக்கு 100 ரீடிங், 10 முதல் 60 டிகிரி செல்சியஸ்" என்று இருக்க வேண்டும்.

பிரிதிறனும் துல்லியமும் வேறு வேறு என்பதை இங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். 12 பிட் சிப் ஒரு சுற்றை 4096 பாகமாகப் பிரிக்கும், அதாவது படிக்கு 0.088 டிகிரி. அதற்காக அது 0.088 டிகிரிக்குள் சரியாகச் சொல்லும் என்று அர்த்தமில்லை. காந்தம் கொஞ்சம் மையம் விலகி உட்கார்ந்தாலே ஒரு டிகிரிக்கு மேல் பிழை வரக்கூடும்.

படி 2: சென்சார் வகை

ஹால் சென்சார்தான் எல்லோருக்கும் முதல் தேர்வு. மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டம் செலுத்தி, குறுக்கே காந்தப்புலம் வைத்தால் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது என்று 1879-இல் எட்வின் ஹால் கண்டார். இன்று அதே விளைவு சிலிக்கான் சிப்புக்குள் பெருக்கியோடு சேர்ந்து வருகிறது. ஹால் சென்சாரிலேயே மூன்று ரகம் உண்டு. புலம் ஓர் அளவைத் தாண்டினால் ஆன் ஆகும் சுவிட்ச், வடதுருவம் வந்தால் ஒரு நிலை, தென்துருவம் வந்தால் மறுநிலை என்று பிடித்துக்கொள்ளும் லாட்ச், புலத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும் லீனியர். எண்ணுவதற்கு முதல் இரண்டும் போதும். விசை, நகர்வு என்றால் லீனியர்தான் வேண்டும்.

அடுத்தது காந்தமின்தடைக் குடும்பம். ஏ.எம்.ஆர். எனப்படும் வகையின் அடிப்படையை வில்லியம் தாம்சன், அதாவது கெல்வின் பிரபு, 1850-களிலேயே கவனித்துவிட்டார். நிக்கல்–இரும்புப் படலத்தின் மின்தடை, காந்தப்புலத்தின் திசையைப் பொறுத்துச் சில சதவீதம் மாறும். நுணுக்கமானது, ஆனால் வடக்குக்கும் தெற்குக்கும் வித்தியாசம் பார்க்காது. 180 டிகிரிக்கு ஒருமுறை ரீடிங் திரும்ப வரும். ஜி.எம்.ஆர். என்பது அதைவிடப் பெரிய மின்தடை மாற்றம் தரும் வகை; 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் ஆகிய இருவரின் குழுக்கள் தனித்தனியே கண்டது. 2007-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. டி.எம்.ஆர். வகையில் மின்தடை மாற்றம் அறை வெப்பநிலையிலேயே 100 சதவீதத்தைத் தாண்டும், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். பேட்டரியில் நீண்ட காலம் ஓட வேண்டிய கருவிக்கும், பலவீனமான புலத்தை அளக்கவும் டி.எம்.ஆர். பொருத்தம். மற்றபடி ஹால் சென்சாரிலேயே தொடங்குங்கள்.

காந்தத்தின் மேல் சுருள் சுற்றிய பழைய பிக்-அப் காயில் இன்னும் எஞ்சின்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பல் சக்கரம் கடந்துபோகும்போது அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். மின்சாரம் கொடுக்க வேண்டாம், கடும் வெப்பமும் தாங்கும். ஆனால் சிக்னலின் உயரம் வேகத்தைப் பொறுத்தது. சக்கரம் நின்றுவிட்டால் அங்கே எதுவும் கிடைக்காது. பூஜ்ய வேகத்திலும் பல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஹால்தான்.

படி 3: காந்தம்

சுழற்சிக் கோணம் அளக்க, வட்ட வில்லையின் விட்டத்தின் குறுக்கே காந்தமாக்கப்பட்டது வேண்டும்: வில்லையின் ஒரு பாதி வடக்கு, மறு பாதி தெற்கு. சாதாரணமாகக் கிடைக்கும் வில்லை காந்தங்களில் மேல் முகம் வடக்கு, கீழ் முகம் தெற்கு. அதை ஷாஃப்ட் நுனியில் ஒட்டிச் சுற்றினால் புலத்தின் திசை மாறவே மாறாது. சிப் ஏதோ ஒரு கோணத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கும், நீங்கள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். சோதிக்க ஒரு சிறு திசைகாட்டி போதும். வில்லையின் விளிம்பைச் சுற்றி அதை நகர்த்துங்கள். ஒரு பக்கம் ஊசியின் வடமுனையும், நேர் எதிர்ப்பக்கம் தென்முனையும் இழுக்கப்பட்டால் சரியான காந்தம். விளிம்பு முழுக்க ஒரே மாதிரி நடந்துகொண்டால் மாற்ற வேண்டும்.

பொருள் எது என்பதும் முக்கியம். நியோடிமியம் காந்தம் சூடாகும்போது ஒரு டிகிரிக்குச் சுமார் 0.12 சதவீதம் வலு இழக்கும். 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 5 சதவீதம். சமாரியம்–கோபால்ட்டில் இது டிகிரிக்கு 0.04 சதவீதம் அளவுதான், ஃபெரைட்டில் 0.2 சதவீதம். இந்த இழப்பு குளிர்ந்ததும் திரும்பி வரும். ஆனால் சாதாரண ரக நியோடிமியத்தை 80 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் ஒரு பகுதி திரும்பாமலே போய்விடலாம். மோட்டார், பிரேக் அருகே வைப்பவர்கள் உயர்வெப்ப ரகத்துக்கோ சமாரியம்–கோபால்ட்டுக்கோ போக வேண்டும்.

இங்கே ஒரு வடிவமைப்பு முடிவு ஒளிந்திருக்கிறது. புலத்தின் அளவை அளந்தால் இந்த 5 சதவீதமும் நேராக உங்கள் ரீடிங்கில் விழும். புலத்தின் திசையை அளந்தால் விழாது. திசை என்பது இரண்டு கூறுகளின் விகிதம். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் விகிதம் அப்படியே இருக்கும். ஆகவே எந்த அளவையும், முடிந்தால், கோணமாக மாற்றி அளக்க வழி தேடுங்கள். முடியாதபோது மட்டும் புலத்தின் அளவை அளக்கப் போங்கள்.

நியோடிமியம் எளிதில் நொறுங்கும். இரண்டு காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து மோதினால் சில்லு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

படி 4: பொருத்துதல்

அவசரப்படக்கூடாத படி இது. ஏ.எஸ்.5600 என்ற 12 பிட் கோண சிப்பை எடுத்துக்கொள்வோம். மலிவாகப் பரவலாகக் கிடைப்பது, கற்க ஏற்றது. அதற்குச் சிப்பின் மேற்பரப்பில் 30 முதல் 90 மில்லிடெஸ்லா புலம் வேண்டும். 6 மிமீ விட்டமுள்ள வில்லை, 0.5 முதல் 3 மிமீ இடைவெளி என்று வைத்தால் பொதுவாக இந்த எல்லைக்குள் வரும். காந்தத்தின் மையமும் சிப்பின் மையமும் 0.25 மிமீக்குள் ஒத்துப்போக வேண்டும். கையால் பார்த்து ஒட்டி இதைச் சாதிக்க முடியாது. காந்தம் உட்காரும் குழியையும் சிப் பலகையின் பிடிப்பையும் ஷாஃப்ட்டின் அச்சோடு சேர்த்துக் கடைய வேண்டும் அல்லது அச்சிட வேண்டும்.

எஃகு ஷாஃப்ட் நுனியில் காந்தத்தை நேராக ஒட்டாதீர்கள். எஃகு தன் பக்கம் காந்தப்பாயத்தை (காந்தக் கோடுகளின் ஓட்டத்தை) இழுத்துக்கொள்ளும், சிப் பக்கம் குறைவாகவே வரும். பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் ஏதாவது ஒன்றில் சில மிமீ உயரத்துக்கு ஒரு தொப்பி செய்து அதில் காந்தத்தை உட்கார வையுங்கள். அப்புறம் சிப் பலகையைப் பிடிக்கும் ஸ்க்ரூவும் இரும்பாக இருக்க வேண்டாம். பித்தளை அல்லது நைலான். ஒவ்வொரு இரும்புத் துண்டும் புலத்தைக் கொஞ்சம் கோணலாக்கும். நகராத இரும்பு என்றால் காலிபரேஷனில் (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவதில்) ஓரளவு சரிசெய்யலாம். நகரும் இரும்பு என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

காந்தத்தை இறுக்கமாகக் குழிக்குள் அழுத்தி ஏற்றினால் விரிசல் விடும். சற்றுத் தளர்வான குழி, எபாக்ஸி, முழுதாக இறுகும் வரை காத்திருப்பு என்பதுதான் பத்திரமான வழி. வேகமாக உலரும் பசைகளை வெப்பம் ஏறி இறங்கும் இடத்தில் நம்ப வேண்டாம்.

பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஷாஃப்ட் 0.3 மிமீ ஆடினால் அந்த ஆட்டமும் கோணமாகத்தான் தெரியும்.

படி 5: மின் இணைப்பு

லீனியர் ஹால் சிப்புகளில் பெரும்பாலானவை விகித வகை: புலம் இல்லாதபோது வெளியீடு மின்வழங்கலில் பாதி. 5 வோல்ட் கொடுத்தால் 2.5 வோல்ட். மின்வழங்கல் ஆடினால் வெளியீடும் சேர்ந்து ஆடும். அதே 5 வோல்ட்டையே ஏ.டி.சி.யின் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதியின்) ஒப்பீட்டு மின்னழுத்தமாகவும் வைத்தால் இரண்டு ஆட்டமும் அடிபட்டுப் போகும். சிப்புக்கு 5 வோல்ட், ஏ.டி.சி.க்குத் தனியாக 3.3 வோல்ட் என்று கலந்துகட்டினால் கணினியின் யு.எஸ்.பி. மின்னழுத்தம் தள்ளாடுவதையெல்லாம் விசை என்று பதிவு செய்துகொண்டிருப்பீர்கள்.

சிப்பின் காலடியிலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஹால் சுவிட்ச் என்றால் வெளியீட்டில் 10 கிலோஓம் புல்-அப் மின்தடை, ஏனெனில் பெரும்பாலானவை திறந்த கலெக்டர் வகை, அதாவது வெளியீட்டைக் கீழே இழுக்க மட்டுமே அவற்றால் முடியும். ஏ.எஸ்.5600-ஐ 3.3 வோல்ட்டில் ஓட்டினால் அதன் 5 வோல்ட் காலையும் 3.3 வோல்ட் காலையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதன் ஐ2சி (பல சிப்புகள் ஒரே ஒயர் ஜோடியில், அதாவது பஸ்ஸில், பேசும் முறை) முகவரி மாற்ற முடியாதது, பதின்ம எண்ணில் 54. இரண்டு சிப்பை ஒரே பஸ்ஸில் போட்டால் மோதிக்கொள்ளும். மல்டிபிளெக்சர் (ஒரு நேரத்தில் ஒரு சிப்பை மட்டும் இணைக்கும் சுவிட்ச்) வையுங்கள், அல்லது இரண்டாவதை அனலாக் வெளியீட்டில் படியுங்கள். இரண்டு மூட்டுள்ள ரோபோக் கை செய்பவர்கள் பலரும் இதைக் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

மோட்டார் ஒயரை சென்சார் பக்கமாக ஓட்டாதீர்கள். 10 ஆம்பியர் ஓடும் நேரான ஒயரிலிருந்து 10 மிமீ தள்ளி 0.2 மில்லிடெஸ்லா புலம் இருக்கும். 50 மில்லிடெஸ்லா காந்தத்தின் முன் இது சின்னது. முழு எல்லையே 5 மில்லிடெஸ்லா என்று விசை அளக்கும்போது அது 4 சதவீதம். போகும் ஒயரையும் வரும் ஒயரையும் முறுக்கிவிட்டால் இரண்டின் புலமும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

படி 6: கோணம் படிக்கும் முன் காந்தத்தைப் படியுங்கள்

ஏ.எஸ்.5600-இல் 11-ஆம் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் எண்ணிட்ட நினைவிடம்) காந்தத்தின் நிலையைச் சொல்லும். பிட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 5-ஆவது பிட் காந்தம் இருக்கிறது என்றும், 4-ஆவது புலம் போதவில்லை என்றும், 3-ஆவது அதிகம் என்றும் தெரிவிக்கும். 26-ஆம் ரெஜிஸ்டரில் சிப் தானாக எவ்வளவு பெருக்கிக்கொள்கிறது என்ற எண் இருக்கும். 5 வோல்ட்டில் அது 0 முதல் 255 வரை, 3.3 வோல்ட்டில் 0 முதல் 128 வரை. நடுப்பகுதியில் வரும்படி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ஓரத்தில் நின்றால் இன்று வேலை செய்யும், வெயில் ஏறியதும் நின்றுபோகும். நடுவில் வந்த பிறகே 12, 13-ஆம் ரெஜிஸ்டர்களில் உள்ள மூலக் கோணத்தைப் படியுங்கள்.

ஷாஃப்ட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இந்தப் பெருக்க எண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். அதிகம் ஆடினால் காந்தம் சாய்ந்தோ மையம் விலகியோ இருக்கிறது. கோணப் பிழையை அளக்கும் கருவி இல்லாமலே கிடைக்கும் நல்ல துப்பு இது.

படி 7: கோணத்திலிருந்து வேகம்

ரீடிங் 4095-க்குப் பிறகு 0-க்குத் தாவும். இரண்டு ரீடிங்குகளின் வித்தியாசம் 2048-ஐத் தாண்டினால் 4096-ஐக் கழியுங்கள்; மைனஸ் 2048-க்குக் கீழே போனால் 4096-ஐக் கூட்டுங்கள். இப்படித் திருத்திய வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போனால் எத்தனை சுற்று என்பதும் கிடைக்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு ரீடிங்குக்கு நடுவே ஷாஃப்ட் அரைச் சுற்றைத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு சுற்று 20 மில்லிவிநாடி. அப்படியானால் 10 மில்லிவிநாடிக்குள் படித்தே தீர வேண்டும். 2 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

சிப்புக்குள் இருக்கும் வடிகட்டியின் தாமதத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஏ.எஸ்.5600-இன் வடிகட்டி, அமைப்பைப் பொறுத்து, நிலைக்கு வர 0.29 முதல் 2.2 மில்லிவிநாடி எடுக்கும். 3000 சுற்று வேகத்தில் ஷாஃப்ட் ஒரு மில்லிவிநாடியில் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. 2.2 மில்லிவிநாடியில் 40 டிகிரி! கைப்பிடி, வால்வு, மெதுவான மூட்டு ஆகியவற்றுக்கு இந்த சிப் அருமை. வேகமாக ஓடும் பிரஷ்லெஸ் மோட்டாரை ஓட்ட இதை நம்பாதீர்கள். அதற்கென்றே தாமதம் குறைந்த, எஸ்.பி.ஐ. என்ற வேகமான இணைப்பு வழி படிக்கும் 14 பிட் வகைகள் இருக்கின்றன.

வேகம் மட்டும் போதும் என்றால் கோண சிப்பே வேண்டாம். எஃகுப் பல் சக்கரம், அதன் எதிரே பின்பக்கம் காந்தம் வைத்த ஹால் சென்சார். வாகன எஞ்சின்களில் 60 பல் இருக்க வேண்டிய சக்கரத்தில் 2 பல்லை விட்டுவிடுவது வழக்கம். ஒவ்வொரு பல்லும் 6 டிகிரி, விட்ட இடம் சுற்றின் ஆரம்பம். வேகமும் கிடைக்கிறது, நிலையும் கிடைக்கிறது.

படி 8: நேர்கோட்டு நகர்வு

காந்தம் சென்சாரை நோக்கி நேராக வருவது எளிய அமைப்பு, மோசமான அமைப்பும் அதுதான். காந்தத்தின் அளவோடு ஒப்பிடத் தூரம் அதிகமாக இருந்தால் புலம் தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். பக்கத்தில் ரீடிங் பாயும், தள்ளிப்போனால் செத்துவிடும். "வந்துவிட்டதா" என்று தெரிந்துகொள்ள மட்டும் இதை வையுங்கள்.

சில மிமீ வரை நேர்கோடாக வேண்டுமென்றால் இரண்டு காந்தங்களை ஒரே துருவம் எதிரெதிரே இருக்கும்படி வைத்து, நடுவில் லீனியர் ஹாலை வையுங்கள். சரியான மையத்தில் புலம் பூஜ்யம். ஒரு பக்கம் நகர்ந்தால் கூட்டல், மறுபக்கம் கழித்தல். மையத்தை ஒட்டிய பகுதி நல்ல நேர்கோடு. இதில் இன்னொரு லாபம்: பூஜ்யப் புலத்தில் ஓய்வு நிலையை வைத்தால், வெப்பத்தால் காந்தம் தளர்ந்தாலும் பூஜ்யம் நகராது. பெருக்கம் மட்டும் மாறும்.

சில சென்டிமீட்டர் என்றால் மூன்று அச்சு ஹால் சிப்பை எடுங்கள். அதன் முன்னால் காந்தம் பக்கவாட்டில் நகரும்போது புலத்தின் திசை திரும்பிக்கொண்டே போகும். இரண்டு கூறுகளையும் ஏடான்2 ஃபங்ஷனில் போட்டால் கோணம் வரும், அதைத் தூரமாக மாற்ற ஒரு அட்டவணை போதும். மேலே சொன்ன விகித லாபம் இங்கேயும் கிடைக்கிறது.

மீட்டர் கணக்கில் வேண்டுமென்றால் வழி வேறு. ஹைட்ராலிக் சிலிண்டர்களில் இருக்கும் காந்தச்சுருக்க சென்சாரில் ஒரு நீண்ட கம்பி, அதன் மேல் நகரும் வளையக் காந்தம். கம்பியில் மின்துடிப்பு அனுப்பினால், காந்தம் இருக்கும் இடத்தில் கம்பி ஒரு கணம் முறுகும். அந்த முறுக்கு ஒலியாகக் கம்பி வழியே சுமார் விநாடிக்கு 2800 மீட்டர் வேகத்தில் திரும்பி வரும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 360 மைக்ரோவிநாடி. 0.01 மிமீ பிரிக்க வேண்டுமானால் நேரத்தை 3.6 நானோவிநாடிக்குப் பிரிக்க வேண்டும். இதை வீட்டில் செய்வதைவிட வாங்கிவிடுவது உத்தமம்.

படி 9: விசை

விசையை நகர்வாக்க வளையும் ஒரு பாகம் வேண்டும். ஒரு முனை இறுக்கிய அலுமினியப் பட்டையை எடுத்துக்கொள்வோம்: நீளம் 60 மிமீ, அகலம் 20 மிமீ, தடிமன் 5 மிமீ. நுனியில் 50 நியூட்டன் விசை. நுனி இறங்கும் அளவு, விசை × நீளத்தின் முப்படி ÷ (3 × யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பு × குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன்). அலுமினியத்துக்கு 70 கிகாபாஸ்கல் என்று போட்டால் 0.25 மிமீ வருகிறது. வேரில், அதாவது இறுக்கிய முனையில், தகைவு (பரப்பளவுக்கு வரும் உள்விசை) 36 மெகாபாஸ்கல்; நல்ல அலுமினியக் கலவைக்கு இது சாதாரணம்.

இப்போது சங்கிலி முழுவதையும் கணக்கிடுங்கள். எதிரெதிர் காந்தங்களிடையே மிமீக்கு 20 மில்லிடெஸ்லா சரிவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.25 மிமீக்கு 5 மில்லிடெஸ்லா. மில்லிடெஸ்லாவுக்கு 50 மில்லிவோல்ட் தரும் ஹால் சிப் என்றால் 250 மில்லிவோல்ட். 5 வோல்ட் ஒப்பீட்டு மின்னழுத்தமுள்ள 12 பிட் ஏ.டி.சி.யில் ஒரு படி 1.22 மில்லிவோல்ட், ஆகவே சுமார் 205 படிகள். 50 நியூட்டனை 205-ஆல் வகுத்தால் படிக்கு 0.24 நியூட்டன். இது போதுமா? போதாதென்றால் சிப்பை மாற்றும் முன் பட்டையின் தடிமனைக் குறையுங்கள். 4 மிமீ ஆக்கினால் இறக்கம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், ஏனெனில் தடிமன் முப்படியாக உள்ளே வருகிறது. தகைவு ஒன்றரை மடங்குதான் ஏறும். சிப்பில் கிடைக்காத லாபம் இங்கே சும்மா கிடைக்கிறது.

அதிகச் சுமை வந்தால் பட்டை நிரந்தரமாக வளையாமல் இருக்க, 0.5 மிமீக்கு மேல் இறங்காதபடி ஒரு தடுப்பு வையுங்கள். பட்டையை இறுக்கும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். அங்கே வழுக்கினால், சுமையை எடுத்த பிறகும் ரீடிங் பழைய இடத்துக்கு வராது. அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டை செய்து பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சுமையை வைத்துவிட்டுப் போனால் மெல்லத் தொய்ந்துகொண்டே இருக்கும். அளவுக் கருவிக்கு உலோகம்தான்.

ஸ்ட்ரெய்ன் கேஜ் லோட் செல் இதைவிடத் துல்லியமானதா? நிலையான எடை அளக்க, ஆம், சந்தேகமே வேண்டாம். ஈரம், அதிர்வு, சுழலும் பாகம், ஒயர் போக முடியாத இடம் என்று வரும்போதுதான் காந்தம் ஜெயிக்கும்.

படி 10: முறுக்கு

ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கோண சென்சார் வைத்து வித்தியாசம் பார்த்தால் போதுமே என்று முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மிமீ விட்டம், 100 மிமீ நீளமுள்ள எஃகுத் தண்டில் 10 நியூட்டன்–மீட்டர் முறுக்கு 0.73 டிகிரி திருப்பத்தைத்தான் தரும். 12 பிட் சிப்புக்கு அது வெறும் 8 படி. 14 பிட் என்றாலும் 33. அதோடு இரண்டு சென்சாரின் மையப்பிழையும் டிகிரிக் கணக்கில் சேர்ந்து வரும். முறுக்கு பூஜ்யமாக இருக்கும்போதே ரீடிங் சுற்றுக்கொருமுறை ஏறி இறங்கும்.

கார்களின் மின் ஸ்டியரிங்கில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. மெலிந்த முறுக்குத் தண்டின் ஒரு முனையில் பலதுருவ வளையக் காந்தம், மறுமுனையில் பல் வெட்டிய இரண்டு மென்னிரும்பு வளையங்கள். முறுக்கு இல்லாதபோது ஒவ்வொரு பல்லும் வடக்குக்கும் தெற்குக்கும் சரிநடுவில் நிற்கும், பாயம் பூஜ்யம். தண்டு முறுகியதும் ஒரு வளையத்தின் பற்கள் வடக்குப் பக்கமும் மற்றதன் பற்கள் தெற்குப் பக்கமும் சாயும். நகராத வளையங்கள் அந்தப் பாயத்தைத் திரட்டி ஹால் சிப்புக்குக் கொண்டுவரும். இரண்டு பெரிய கோணத்தைக் கழிக்காமல் வித்தியாசத்தையே நேராக அளக்கிறது. ஸ்டியரிங் எத்தனை சுற்றுத் திரும்பினாலும் கவலையில்லை.

இன்னொரு வழியில் ஷாஃப்ட்டையே காந்தமாக்கிவிடுவார்கள். எஃகின் மேல் தகைவு வந்தால் அதன் காந்தத்தன்மை மாறும் என்று எமிலியோ வில்லாரி 1865-இல் கண்டார். ஷாஃப்ட்டின் ஒரு பட்டையைச் சுற்றுவட்டத் திசையில் காந்தமாக்கினால் பாயம் உள்ளேயே வட்டமிடும், வெளியே ஒன்றும் தெரியாது. முறுக்கும்போது 45 டிகிரி திசைகளில் இழுப்பும் அழுத்தமும் உருவாகி அந்தக் காந்தத்தைச் சற்றுச் சாய்க்கும். அப்போது அச்சுத் திசையில் புலம் வெளியே எட்டிப்பார்க்கும், முறுக்குக்கு ஏற்ற அளவில். வளையும் தண்டு தேவையில்லை, எதையும் மெலிய வைக்க வேண்டாம். 20 மிமீ ஷாஃப்ட்டில் 50 நியூட்டன்–மீட்டர் முறுக்கு மேற்பரப்பில் 32 மெகாபாஸ்கல் தகைவைத் தரும். அதை நம்பித்தான் சிக்னல் வருகிறது. சிக்னல் சின்னது என்பதால் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும் பூமியின் புலமே தொந்தரவு செய்யும். அதனால் எதிரெதிர்த் திசையில் காந்தமாக்கிய இரண்டு பட்டைகளை வைத்து, இரண்டு ரீடிங்கையும் கழிப்பார்கள். பூமியின் புலம் இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதால் போய்விடும், முறுக்கு இரட்டிப்பாகும். எஃகின் ரகமும் வெப்பப் பதப்படுத்தலும் சரியாக அமையாவிட்டால் தயக்கம் (ஏறும்போதும் இறங்கும்போதும் ரீடிங் வேறுபடுவது) பெரிதாகிவிடும் என்பதால், பட்டறையில் கிடைத்த தண்டில் இதை எதிர்பார்க்க முடியாது.

படி 11: காலிபரேஷன்

கோணத்துக்கு, 200 படியுள்ள ஸ்டெப்பர் மோட்டாரே கைக்கெட்டிய அளவுகோல். ஒரு படி 1.8 டிகிரி, பிழை படிக்குப் படி சேர்ந்துகொண்டே போகாது. மோட்டாரின் சொந்தக் காந்தம் குழப்பாதபடி சென்சாரைச் சில சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். 200 இடத்திலும் ரீடிங் எடுத்து, வித்தியாசத்தை வரைந்து பாருங்கள். சுற்றுக்கு ஓர் அலையோ இரண்டு அலையோ தெரிந்தால் மையம் விலகல் அல்லது காந்தச் சாய்வு. முதலில் பொருத்தலைச் சரிசெய்து, மிஞ்சியதை மட்டும் அட்டவணையால் திருத்துங்கள். கோணலாக ஒட்டிய காந்தத்தை மென்பொருளால் நிமிர்த்த முயல்வது, வெப்பம் மாறிய நாளில் உங்கள் காலை வாரிவிடும்.

விசைக்கு, தெரிந்த எடைகள். பூஜ்யத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போய், அதே எடைகளை இறக்கிக்கொண்டே வாருங்கள். ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் தயக்கம்; எந்தக் கணக்கும் அதைப் போக்காது. கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன். பிறகு முழுச் சுமையை அரை மணி நேரம் வைத்துவிட்டு ரீடிங் நகர்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் இரண்டு வெப்பநிலையிலாவது செய்ய வேண்டும், ஒரு வெப்பநிலையில் எடுத்த காலிபரேஷன் அந்த வெப்பநிலைக்கு மட்டுமே.

படி 12: தொந்தரவு சோதனை

கருவியை அதன் உண்மையான இடத்தில் பொருத்தி, சுமையில்லாமல் ஓடவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்பேனரைக் கொண்டுபோங்கள். மோட்டாரை முழு மின்னோட்டத்தில் ஓட்டுங்கள். கதவின் காந்தப் பூட்டு, ஒலிபெருக்கி அருகில் இருந்தால் அவற்றையும் சோதியுங்கள். ரீடிங் அசைந்தால் மென்னிரும்பு உறை போடலாம், ஆனால் உறை காந்தத்துக்கு மிக நெருங்கினால் அதன் பாயத்தையும் திருடிவிடும். இரண்டு ஹால் வைத்துக் கழிப்பது பெரும்பாலும் அதைவிட நல்ல வழி.

கடைசியாக, சுமையே இல்லாமல் ஓர் இரவு முழுக்க ரீடிங்கையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பதிவு செய்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ரீடிங் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் காந்தமோ சிப்போ, ஈடுகட்ட முடியும். திடீரென்று ஒரு தாவல் இருந்தால் ஒட்டு விட்டிருக்கிறது அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. வெப்பநிலை எப்படிப் போனாலும் ரீடிங் ஒரே பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், எபாக்ஸி இன்னும் இறுகவில்லை அல்லது பட்டையின் இறுக்கம் இன்னும் அடங்கவில்லை. இரண்டையும் சரிபார்த்துவிட்டு மறுநாள் இரவு திரும்பவும் ஓட்டுங்கள்.